பேக்ஹோ வால்வு கசிகிறதா? சீலை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிராக்டரின் பின்னால் மாட்டும், மண் தோண்டும் பேக்ஹோவில் லிவர்களுக்குக் கீழே இருக்கும் கன்ட்ரோல் வால்வு ஆயில் கக்க ஆரம்பித்தால், உரிமையாளருக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, 'வால்வு பிளாக்கையே மாற்றிவிடுங்கள்'. இன்னொன்று, 'ஒரு ஓரிங் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்'. முதலாவது பெரும்பாலும் வீண் செலவு. இரண்டாவது பாதி உண்மை. ஓரிங் போன்ற ரப்பர் வளையச் சீலை மாற்றுவது பொறுமையுள்ள எவரும் அரை நாளில் முடிக்கக்கூடிய வேலைதான். ஆனால் அந்தச் சீல் ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றினால், புதிய சீலும் சில வாரங்களில் அதே வழியில் போகும். வேளாண் இயந்திரங்கள் வைத்திருக்கும் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், ஸ்பூல் சீல் எதைத் தடுக்கிறது என்பது தெளிவாக வேண்டும். லிவரை அசைத்தால் வால்வுக்குள் முன்னும் பின்னும் நகரும் உருளைக் கம்பிதான் ஸ்பூல். அதன் இரு முனையிலும் ஒவ்வொரு சீல் இருக்கும். இந்தச் சீல்கள் பம்பின் முழு அழுத்தத்தைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. ஸ்பூலின் இரு ஓரமும் டேங்குக்குத் திரும்பும் பாதையோடு சேர்ந்தவை. வேலை அழுத்தம் 150, 200 பார் என்று போனாலும், முனைச் சீல் காண்பது திரும்பும் ஆயிலின் சில பார் அழுத்தத்தை மட்டுமே. ஆரோக்கியமான வால்வில் ஒரு சாதாரண ஓரிங் பல வருடம் உழைப்பது இதனால்தான். அந்தச் சீல் திரும்பத் திரும்பப் பிதுங்கி வெளியே வந்தால் ரப்பரின் தரத்தைச் சந்தேகிக்கும் முன், திரும்பும் பாதையில் ஏன் அழுத்தம் ஏறுகிறது என்று கேளுங்கள்.

இந்தத் திரும்பும் பாதையில், அதாவது ரிட்டர்ன் லைனில், அழுத்தம் ஏறப் பல வழிகள் உண்டு. பில்டர் அடைத்திருக்கலாம். ஹோஸ் மடங்கியிருக்கலாம், அல்லது உள்ளே உரிந்து தோல் தொங்கலாம். மிக அடிக்கடி நடப்பது, ரிட்டர்ன் பக்கத்துக் குவிக் கப்ளர் (ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பு) முழுதாக உட்காராமல் இருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் மாட்டியது போலவே தெரியும். உள்ளே இருக்கும் குண்டு மட்டும் திறந்திருக்காது. பேக்ஹோவைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் இந்த ஆபத்து உண்டு. வால்விலேயே அழுத்தம் மீறினால் திறக்கும் ரிலீஃப் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். காப்பாற்றாது. ரிலீஃப் திறந்தாலும் ஆயிலை அதே ரிட்டர்ன் பாதையில்தான் கொட்டும். அந்தப் பாதையே அடைத்திருந்தால் கொட்ட இடமில்லை. சீல் பறப்பது நல்ல முடிவு என்றுகூடச் சொல்லலாம். பறக்காவிட்டால் வார்ப்பு பாடியே விரிசல் விடும்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பேக்ஹோ வால்விலிருந்து வெளியே வரும் ஆயிலை நேரே டேங்குக்கு விடாமல், இன்னொரு வால்வுக்கோ டிராக்டரின் த்ரீ பாயின்ட் லிஃப்டுக்கோ கொடுத்திருப்பார்கள். அப்படிக் கொடுக்க வேண்டுமானால் வால்வில் பவர் பியாண்ட் ஸ்லீவ் (அடுத்த வால்வுக்குப் போகும் ஆயிலை டேங்க் பாதையிலிருந்து பிரிக்கும் உள்குழல்) போட்டு, டேங்குக்குத் தனி ஹோஸ் இழுத்திருக்க வேண்டும். ஸ்லீவ் இல்லாமல் டேங்க் போர்ட்டையே (டேங்குக்கு ஆயில் போகும் வாயையே) அடுத்த வால்வுக்குக் கொடுத்தால், அந்த அடுத்த வால்வு லோடு தூக்கும் ஒவ்வொரு முறையும் முழு அழுத்தமும் நம் ஸ்பூல் சீல் மேல் வந்து நிற்கும். 'பேக்ஹோவைத் தொடவே இல்லை, பின்னால் கலப்பையைத் தூக்கினேன், பேக்ஹோ வால்வு பீய்ச்சியது' என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான். இதைக் கண்டுபிடிக்க டேங்க் போர்ட்டில் ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு அழுத்தக் கேஜ் மாட்டினால் போதும். ஆயில் சூடான பிறகு, வேலை செய்யும் வேகத்தில் ஒற்றை இலக்கப் பார் காட்டினால் கவலையில்லை. முள் 20, 30 என்று ஏறினால் சீல் கிட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஹோஸ், கப்ளர், பில்டரைப் பாருங்கள்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பேக்ஹோவின் பெரிய கையான பூம் தானாக இறங்குகிறது என்பதற்காக ஸ்பூல் சீலை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முனைச் சீல் ஆயில் வெளியே வராமல் தடுக்கும், அவ்வளவுதான். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் பூம் இறங்கினால், சிலிண்டரின் பிஸ்டன் சீலோ, ஸ்பூலும் துளையும் தேய்ந்ததோ, போர்ட் ரிலீஃபின் இருக்கையில் தூசி சிக்கியதோ காரணமாக இருக்கும். பிஸ்டன் சீலைச் சோதிக்க, பக்கெட் சிலிண்டரை எடுத்துக்கொண்டால், பக்கெட்டை முழுக்கச் சுருட்டித் தரையில் வையுங்கள். என்ஜினை நிறுத்தி அழுத்தத்தைப் போக்கிவிட்டு, மறுபக்க ஹோஸைக் கழற்றி ஹோஸ் வாயை பிளக் செய்யுங்கள். பிறகு என்ஜினை ஓட்டி அதே சுருட்டும் பக்கம் லிவரைப் பிடியுங்கள். சிலிண்டரின் திறந்த போர்ட்டில் ஆரம்பத்தில் கொஞ்சம் வழிந்து நின்றுவிட்டால் பிஸ்டன் சீல் நல்லது. நிற்காமல் ஓடினால் போய்விட்டது.

இனி வேலைக்கு வருவோம். சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, பக்கவாட்டுத் தாங்கு கால்களான ஸ்டெபிலைசர்களைத் தளர்த்தி டிராக்டரின் எடை டயர் மேல் வரும்படி விடுங்கள். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, எல்லா லிவரையும் எல்லாப் பக்கமும் நாலைந்து முறை ஆட்டுங்கள். டேங்க் மூடியை மெதுவாகத் திறந்து காற்றை விடுங்கள். கசிவு எங்கே என்று விரலால் தடவித் தேடாதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். ஆரம்பத்தில் எறும்பு கடித்த அளவுக்குத்தான் வலிக்கும், ஆனால் சில மணி நேரத்தில் விரலோ கையோ போகும் நிலை வரும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். மீறிப் பாய்ந்துவிட்டால் காயம் சிறிதென்று காத்திருக்காமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், 'ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது' என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை. மேலே உள்ள அடாப்டரில் கசியும் ஆயில் பாடி வழியாக இறங்கி, கடைசி ஸ்பூலின் மூக்கில் சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்து அந்தச் சீலை மாற்றினால், மறுநாளும் அதே மூக்கில் அதே சொட்டு தொங்கும். டீசலில் பிரஷ் போட்டு மண்ணையும் பிசுக்கையும் கழுவி, காற்றடித்து நன்றாக உலர்த்துங்கள். பிறகு முகப் பவுடரையோ சாக்கட்டித் தூளையோ வால்வு முழுக்க மெல்லியதாகத் தூவிவிட்டு, என்ஜினை மெதுவாக ஓட்டி ஒவ்வொரு லிவராக இயக்குங்கள். வெள்ளைத் தூளில் முதலில் கறுக்கும் இடம்தான் கசியும் இடம். அது லிவர் பக்கம் ஸ்பூல் வெளியே வரும் வாயாக இருக்கலாம். மறுபக்கம் ஸ்பிரிங் மூடியின் அடியாக இருக்கலாம். இரண்டு செக்‌ஷன்கள் (ஒவ்வொரு ஸ்பூலுக்கும் உரிய வால்வுத் துண்டுகள்) சேரும் கோடாகவோ ரிலீஃப் கார்ட்ரிட்ஜின் கழுத்தாகவோ இருக்கலாம். ஸ்பிரிங் மூடியின் உட்புறம் காய்ந்திருக்க வேண்டிய இடம். அங்கே ஆயில் சொட்டினால் அந்தப் பக்கத்துச் சீல் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

விநாடிக்கு ஒரு சொட்டு என்பது சிறிதாகத் தோன்றும். 20 முதல் 30 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. மணிக்கு 120 முதல் 180 மில்லி, எட்டு மணி நேர வேலைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை மண்ணில் போகிறது.

கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஸ்பூலுக்கும் அதன் பாடிக்கும் ஒரே எண்ணிக்கையில் சென்டர் பஞ்ச் புள்ளி வையுங்கள். மேல்பக்கம் எது என்றும் குறியுங்கள். ஸ்பூலை அதன் துளைக்கென்று தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். இடைவெளி 10 மைக்ரான் அளவை ஒட்டியது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பூம் ஸ்பூலையும் பக்கெட் ஸ்பூலையும் மாற்றிப் போட்டால் ஒன்று இறுகும், மற்றொன்று உள்ளுக்குள்ளேயே கசியும். இரண்டு மூன்று செக்‌ஷனை ஒரே தட்டில் பிரித்துப் போடாமல், ஒன்றை முடித்து மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுவதே நல்லது.

லிவர் பின்னை உருவி, லிவர் பக்கத்து ரப்பர் உறையையும் (பூட்) சீல் தகட்டையும் கழற்றுங்கள். தகட்டைப் பிடித்திருப்பது பெரும்பாலும் இரண்டே சின்ன ஸ்குரூ. துருப் பிடித்திருந்தால் முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். தலை உடைந்தால் அரை நாள் வேலை இரண்டு நாளாகும். தகட்டுக்குப் பின்னால், மண்ணைத் தடுக்கும் வளையமான வைப்பரும் ஓரிங்கும் இருக்கும். ஸ்பூல் உள்ளே இருக்கும்போதே பித்தளைக் கொக்கியாலோ சீவிய மூங்கில் குச்சியாலோ அவற்றை எடுத்துவிடலாம். ஸ்குரூடிரைவர் முனையால் நெம்பினால் சீல் உட்காரும் பள்ளமான காடியின் உதட்டில் ஒரு கீறல் விழும். அதற்குப் பிறகு எந்தச் சீல் போட்டாலும் அந்தக் கீறல் வழியாகவே கசியும்.

மறுமுனைதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மூடியைக் கழற்றினால் சென்டரிங் ஸ்பிரிங், அதன் இரு கிண்ணங்கள், நடுவில் ஒரு போல்ட். இவற்றை எடுக்காமல் அந்தப் பக்கம் ஓரிங் நுழையாது. போல்ட் லாக்டைட் பசை (மரை தளராமல் பிடிப்பது) போட்டு இறுக்கியிருக்கும். ஸ்பூலின் பளபளப்பான பகுதியை வைஸ் இடுக்கியில் கடிக்க வைத்தால் வால்வின் கதை அன்றோடு முடிந்தது. லிவர் மாட்டும் தட்டை நாக்கை மட்டும், அலுமினிய உறை போட்ட வைஸில் பிடியுங்கள். வரவில்லையென்றால் போல்ட் தலையை மட்டும் ஹீட் கன்னால் சூடாக்கினால் பசை இளகும். அப்படியும் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஸ்பூலை ஸ்பிரிங் பக்கமாக முழுதாக உருவி, லிவர் முனையிலிருந்து ஓரிங்கை உருட்டிக் கொண்டுவரலாம். ஸ்பூல் நடுவில் உள்ள வெட்டுகளின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். அதன் மேல் மெல்லிய பாலிதீன் தாளைச் சுற்றி, ஆயில் தடவி, அதன் மேல் உருட்டுங்கள். மாட்டிய பிறகு விரலில் நிலாப்பிறை வடிவில் கறுப்புச் சீவல் ஒன்று ஒட்டியிருந்தால் ஓரிங் வெட்டுப்பட்டுவிட்டது. 'சின்ன வெட்டுதானே' என்று விடாமல் இன்னொன்றைப் போடுங்கள்.

சில வால்வுகளில் சீல் காடி பாடிக்கு உள்ளேயே இருக்கும். அங்கே ஸ்பூலை ஒரு பக்கத்துக் காடி தெரியும் அளவுக்கு மட்டும் தள்ளி, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டு, ஸ்பூலைத் திரும்பத் தள்ளிவிட்டு, அடுத்த பக்கம் அதேபோல் செய்ய வேண்டும். வெட்டுள்ள நடுப்பகுதி புதிய சீலைத் தாண்டவே கூடாது.

ஸ்பூலைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். லிவர் பக்கத்து முனையில், ரப்பர் பூட் கிழிந்திருந்த இடத்தில், ஊசி குத்தியது போலத் துருப் புள்ளிகள் இருக்கும். நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் 1200 நம்பர் எமரித் தாளை ஆயிலில் நனைத்து, ஸ்பூலைச் சுற்றி மெருகேற்றினால் போதும். நீளவாட்டில் தேய்த்தால் ஒவ்வொரு கோடும் ஆயிலுக்கு வாய்க்கால். இதுவும் சீல் உட்காரும் முனைக்கு மட்டும்தான். உள்ளே பொருந்தும் பகுதிகளிலும் பாடித் துளையிலும் எமரி படவே கூடாது. நகம் குழியில் சிக்கினால் அந்த முனைக்கு ஹார்டு குரோம் பூசி கிரைண்ட் செய்ய வேண்டும், இல்லையென்றால் அந்தச் செக்‌ஷனை மாற்ற வேண்டும். குழிமேல் புது ஓரிங் போடுவது அரத்தின் மேல் ரப்பரை ஓட்டுவதற்குச் சமம்.

அளவு விஷயத்தில் கண்ணை நம்பாதீர்கள். பழைய ஓரிங் ஆயிலில் ஊதியிருக்கும், அல்லது தட்டையாகி இறுகியிருக்கும். அதைக் கடையில் காட்டி 'இதே மாதிரி' என்று வாங்குவது தவறின் முதல் படி. வெர்னியரால் ஸ்பூல் விட்டத்தையும் காடியின் விட்டம், ஆழம், அகலத்தையும் அளந்து கொடுங்கள். இன்ச் வரிசையில் தடிமன் 1.78, 2.62, 3.53 மி.மீ. என்று போகும், மெட்ரிக்கில் 2, 2.4, 2.5, 3 என்று வரும். பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். காடியின் ஆழம் 2.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2.62 ஓரிங் 0.42 நசுங்கி நன்றாகப் பிடிக்கும். 2.4 போட்டால் 0.2தான் நசுங்கும், ஆயில் சூடாகி இளகியதும் கசியும். 3 மி.மீ. போட்டால் 0.8 நசுங்கி ஸ்பூலை இறுக்கிப் பிடிக்கும். லிவரை விட்டாலும் நடுநிலைக்குத் திரும்பாமல் பூம் தன்பாட்டுக்கு நகரும். கசிவதைவிட இது ஆபத்து.

ரப்பர் வகை: சாதாரண மினரல் ஹைட்ராலிக் ஆயிலுக்கு நைட்ரைல் போதும்; சுமார் 100 டிகிரி வரை தாங்கும். நாள் முழுக்க ஆயில் கொதிக்கும் வண்டிக்கு வைட்டான் போடலாம், ஆனால் ஆயில் ஏன் கொதிக்கிறது என்று பார்ப்பது அதைவிட மேல். ஈ.பி.டி.எம். வகை ரப்பர் மினரல் ஆயிலில் ஊதிக் குழைந்துவிடும். ஆயில் குறைந்தபோது பிரேக் ஆயிலை ஊற்றியிருந்தால் நைட்ரைலும் கெடும். எல்லா முனையும் ஒரே நேரத்தில் கசிய ஆரம்பித்தால் டேங்கில் என்ன ஊற்றினார்கள் என்று கேளுங்கள்.

மாட்டும்போது சுத்தமான ஹைட்ராலிக் ஆயிலையே தடவுங்கள். சிலிகான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். பிதுங்கும் துணுக்கு உள்ளே போய் ரிலீஃபில் சிக்கும். உதடுள்ள சீலாக இருந்தால் உதடு ஆயிலைப் பார்க்க வேண்டும். வைப்பரின் உதடு வெளியே, மண்ணைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் போல்ட்டின் மரையில் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, நடுத்தர லாக்டைட் போட்டு இறுக்குங்கள். அது தளர்ந்தால் ஸ்பூல் நடுவில் நிற்காது. மூடிக்குள் துருவுக்காகக் கொஞ்சம் கிரீஸ் தடவலாம். நிறையத் திணித்தால் ஸ்பூல் நகர இடமிருக்காது. தகட்டு ஸ்குரூக்கள் எம்6 ஆக இருந்தால் 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். நீண்ட கைப்பிடி போட்டு முறுக்கினால் வார்ப்பு மரை உரிந்துவிடும்.

செக்‌ஷன் இடையே கசிந்தால் வேலை பெரிது. நீளப் போல்ட்டுகளைக் கழற்றி முழு அடுக்கையும் பிரிக்க வேண்டும். ஆயிலை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வின் குண்டும் ஸ்பிரிங்கும் இடையிலிருந்து உருண்டு ஓடும். மெல்லிய ஷிம் தகடு ஏதாவது இருந்தால் அதே இடத்துக்கே போக வேண்டும். முகங்களைச் சுரண்டக் கூடாது. இறுக்கும் அளவு அந்த வால்வின் மானுவலில் இருப்பதே; ஊகம் வேண்டாம். மூன்று தவணையாக மாற்றி மாற்றி இறுக்கி, ஒவ்வொரு தவணைக்கும் பிறகு எல்லா ஸ்பூலையும் கையால் தள்ளிப் பாருங்கள். தள்ளினால் ஸ்பிரிங் 'டக்' என்று திருப்பிக் கொண்டுவர வேண்டும். முனகிக்கொண்டு வந்தால் பாடி முறுக்கியிருக்கிறது. வால்வைச் சட்டத்தில் பொருத்திய பிறகுதான் ஸ்பூல் இறுகுகிறது என்றால் சட்டம் சமமாக இல்லை; ஒரு போல்ட்டைத் தளர்த்தியதும் விடுபடும். அந்தக் காலடியில் வாஷர் கொடுத்துச் சமன் செய்யுங்கள்.

ஆயில் நிரப்பி, என்ஜினை ஐடிலில் ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டரையும் முழு நீளத்துக்குப் பத்து முறை மெதுவாக இயக்குங்கள். ஆயில் நுரைத்துப் பால்போல் இருப்பது காற்று; சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் தெளியும். மறுநாள் காலையும் பால்போலவே இருந்தால் அது தண்ணீர். மாற்றியே ஆக வேண்டும். பிறகு மறுபடி பவுடர் தூவி, ஆயில் சூடாகும் வரை ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டுப் பாருங்கள். ஸ்பூல் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு, அதுதான் சீலை வாழ வைக்கிறது. சொட்டாகத் திரளக் கூடாது.

லிவர் இணைப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வளைந்த ராடு ஸ்பூலை நேராகத் தள்ளாமல் பக்கவாட்டில் நெம்பும். சீல் ஒரே பக்கம் தேய்ந்து, ஓரிங் நீள்வட்டமாகக் கைக்கு வரும். பூட் கிழிந்திருந்தால் புதியது போடுங்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது பிரஷர் கன்னை ஸ்பூல் முனைக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். வைப்பர் தடுப்பது மண்ணை, அந்த வேகத் தண்ணீரை அல்ல.

வேளாண் பக்கத்தில் விதைக்கும் உரத்துக்கும் கொடுக்கும் இடத்தில் கொஞ்சம் இதுபோன்ற இயந்திரப் பராமரிப்புக்கும் ஒதுக்கினால், பேக்ஹோ வைத்திருப்பவர்கள் சீல் கிட் வாங்கும் முன் ஒரு கேஜ் வாங்குவார்கள்.

இப்படிக்கு,
ஹைட்ராலிக் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்